உயிரியல் மாணவருக்குக் கணிதம்: கல்குடாவுக்குத் தலைகீழ் வகுப்பறை பொருந்துமா?

க.பொ.த உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவு செய்த மாணவரிடம் அதற்கான காரணத்தைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்று கிடைக்கும். 'வைத்தியராக வேண்டும்' என்பது ஒன்று. 'கணிதம் எனக்கு வராது' என்பது மற்றையது. முதலாவது விடை உரத்த குரலில் வரும். இரண்டாவது சற்றுத் தயங்கி வரும். கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், வாகரை என நம் பிரதேசத்தின் எந்த ஊரில் கேட்டாலும் நிலைமை இதுவேயாகும்.

ஆனால் கணிதத்திலிருந்து தப்புவதற்காக உயிரியலுக்கு வந்த இம்மாணவரின் தலைவிதியை இறுதியில் தீர்மானிப்பது ஒரு கணித எண்ணே ஆகும். பல்கலைக்கழக அனுமதிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் பயன்படுத்தப்பட்டுவரும் இசட் புள்ளியே அது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். உதாரணமாக, சராசரி 55 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள பாடத்தில் 65 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 1 ஆகும். சராசரி 35 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள மற்றொரு பாடத்தில் 50 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி 1.5 ஆகும். அதாவது, இங்கே 50 என்பது 65 ஐ விடப் பெரியது. தம் பிள்ளையின் பெறுபேற்றைக் கையில் ஏந்தி நிற்கும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது விளங்கும்? பெற்றோரை விடுவோம்; மாணவரில் எத்தனை பேருக்கு விளங்கும்?

2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையின்போது, பழைய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தில் தோற்றியோரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. அது தவறு எனத் தொடரப்பட்ட வழக்கில், 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை ஏற்க மறுத்து, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. ஒரு சராசரியை எந்தக் கூட்டத்தாரிடமிருந்து எடுப்பது என்ற சிறு வினா ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் எதிர்காலத்தை மாதக்கணக்கில் அந்தரத்தில் நிறுத்தியது. கணிதம் தெரியாதவர் தமக்கு இழைக்கப்படும் அநீதியைக் கூட அறியமாட்டார் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இந்நிலையில், உயிரியல் மாணவருக்குக் கணிதத்தை எவ்வாறு கற்பிப்பது என்பது குறித்தும், உலகின் பல பாகங்களிலும் கையாளப்படும் 'தலைகீழ் வகுப்பறை' என்ற முறை நம் பிரதேசத்துக்குப் பொருந்துமா என்பது குறித்தும் நோக்குவது பயனுடையதாகும்.

கைவிடப்படும் பாடம்

2000 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் உயர்தரத்தில் நான்கு பாடங்களுக்குப் பதிலாக மூன்று பாடங்கள் என்ற நடைமுறை வந்தது. தாவரவியலும் விலங்கியலும் இணைந்து உயிரியல் என்ற ஒரே பாடமாயின. உயிரியல் பிரிவு மாணவருள் மிகப் பெரும்பாலானோர் உயிரியலுடன் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் அல்லது விவசாய விஞ்ஞானத்தையும் கற்கின்றனர். கணிதம் அவர்களுக்கு ஒரு பாடமாக இருப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த அன்றே பலர் கணிதப் புத்தகத்தை மூடிவிடுகின்றனர்.

புத்தகம் மூடப்பட்டாலும் கணிதம் அவர்களை விடுவதில்லை. பௌதிகவியலில் காவிகளும் திரிகோண விகிதங்களும் வரைபின் படித்திறனும் வருகின்றன. இரசாயனவியலில் மடக்கையும் தாக்கவீதமும் வருகின்றன. உயிரியலிலேயே நிகழ்தகவும் குடித்தொகை வளர்ச்சியும் வருகின்றன. இவற்றைக் கற்பிக்கும் பௌதிகவியல் ஆசிரியருக்கோ இரசாயனவியல் ஆசிரியருக்கோ கணிதத்தை முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க நேரமில்லை. 'இது நீங்கள் சாதாரண தரத்தில் படித்ததுதான்' என்ற ஒரு வசனத்துடன் பாடம் நகர்ந்துவிடுகின்றது. அதன் பின்னர் மாணவர் மனனம் செய்கின்றார். சூத்திரம் நினைவில் நிற்கிறது. அதன் பொருள் நிற்பதில்லை.

பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின்னர் இக்குறை இரட்டிப்பாகின்றது. கல்குடாவிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1981 ஆகஸ்ட் 1 ஆம் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோற்றம் பெற்று, 1986 ஒக்டோபர் 1 ஆம் திகதி முழுமையான பல்கலைக்கழகமாகிய இந்நிறுவனம் விஞ்ஞானம், விவசாயம் ஆகிய துறைகளுடனேயே தன் பணியை ஆரம்பித்தது. அங்கும், மருத்துவம் கற்பிக்கப்படும் இடங்களிலும், உயிரியல் மாணவர் புள்ளிவிபரவியலைச் சந்தித்தே ஆகவேண்டும். அதுவும் ஆங்கில மொழியில் சந்திக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கணிதத்தை விட்டு விலகியிருந்த தமிழ்மொழி மூல மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு அந்நிய மொழிகளைக் கற்க வேண்டியவராகின்றார்.

உயிரியலுக்குள் இருக்கும் கணிதம்

உயிரியலுக்குக் கணிதம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று என எண்ணுவது தவறாகும். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது.

இராமானுஜனின் மேதைமையை இனங்கண்டு கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டியைத் தமிழ் வாசகர் நன்கறிவர். அதே ஹார்டி, 1908 இல், பிறப்புரிமையியல் அறிஞரான பனற் என்ற தம் கிரிக்கெட் நண்பர் முன்வைத்த ஒரு வினாவுக்கு விடையளித்தார். ஆட்சியான இயல்பு காலப்போக்கில் பின்னடைவான இயல்பை முற்றாக அழித்துவிடாதா என்பதே வினா. அழிக்காது, எதிருருக்களின் மீடிறன் தலைமுறை தோறும் மாறாதிருக்கும் என்பதை ஹார்டி பாடசாலை மாணவருக்கும் விளங்கக்கூடிய இருபடிக் கோவையினால் காட்டினார். ஜேர்மனிய வைத்தியர் வைன்பேர்க் அதே ஆண்டில் அதே முடிவைத் தனியாகக் கண்டறிந்தார். இன்று ஹார்டி–வைன்பேர்க் சமநிலை எனப்படுவது இதுவேயாகும்.

இதன் பயனை ஒரு கணக்கால் காணலாம். பின்னடைவான எதிருரு ஒன்றினால் ஏற்படும் நோய் 2,500 பேரில் ஒருவருக்கு உள்ளது எனக் கொள்வோம். அந்த எதிருருவின் மீடிறன் 2,500 இல் ஒன்றின் வர்க்கமூலம், அதாவது 50 இல் ஒன்று. அப்படியாயின் நோய் வெளிப்படாமல் எதிருருவைக் காவிச் செல்வோர் ஏறக்குறைய 25 பேரில் ஒருவர். பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் நோயாளர் நால்வர். காவிகளோ ஏறத்தாழ 390 பேர். நால்வரைப் பார்த்து ஊர் அனுதாபப்படுகின்றது. 390 பேரை ஒருவரும் அறியார். தலசீமியா போன்ற நோய்களில் திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை ஏன் வலியுறுத்தப்படுகின்றது என்பதற்கான விடை இந்தச் சிறு கணக்கில் உள்ளது. மேலும், இச்சமன்பாடு இனக்கலப்பு எழுமாறாக நிகழ்கின்றது என்ற எடுகோளின் மீது நிற்கின்றது. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் உண்டு. அவ்வாறாயின் கணக்கு எவ்வாறு மாறும் என்பதை நம் மாணவரே வகுப்பில் விவாதிக்கலாம். இவ்வினா அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் வினா.

மற்றொரு உதாரணம் கடலிலிருந்து வருகின்றது. முதலாம் உலகப் போரின்போது இத்தாலியின் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி வெகுவாகக் குறைந்தது. அக்காலத்தில் சந்தைக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை போன்ற வேட்டையாடும் இனங்களின் விகிதம் உயர்ந்திருப்பதை டீ ஆங்கோனா என்ற உயிரியலாளர் அவதானித்தார். காரணம் புரியாது அவர் கணித அறிஞர் வொல்ற்றெராவை நாடினார். 1926 இல் வொல்ற்றெரா இரண்டு சமன்பாடுகளால் இதை விளக்கினார். மிதமான மீன்பிடி இரையாகும் மீன்களின் சராசரியைக் கூட்டி, வேட்டையாடும் மீன்களின் சராசரியைக் குறைக்கின்றது. மீன்பிடி குறைந்தால் இதன் மறுதலை நிகழ்கின்றது. பிடிக்காமல் விட்டால் எல்லா மீனும் பெருகும் என்ற நம் பொதுப் புத்தியைக் கணிதம் திருத்தியது.

போரும் மீன்பிடித் தடையும் நம் கரைக்குப் புதியவையல்ல. பாசிக்குடாவிலும் வாழைச்சேனையிலும் வாகரையிலும் வள்ளங்கள் கரையிலேயே கிடந்த காலங்களைக் கண்டவர்கள் இன்றும் வாழ்கின்றனர். டீ ஆங்கோனா கேட்ட வினாவை நம் கடலைப் பற்றியும், மட்டக்களப்பு வாவியைப் பற்றியும் கேட்கத்தக்க தகுதி இங்குள்ள ஒரு மீனவரின் மகனுக்கோ மகளுக்கோ உண்டு. அவ்வினாவுக்கு விடை காண அவர்களுக்குத் தேவைப்படுவது சிறிதளவு கணிதம்.

தலைகீழ் வகுப்பறை என்பது யாது?

வழமையான முறையில் ஆசிரியர் வகுப்பில் விளக்குவார், மாணவர் எழுதிக்கொள்வர், கணக்குகளை வீட்டில் செய்வர். கணக்கில் தடுமாறும்போது அருகில் உதவுவதற்கு எவரும் இருப்பதில்லை. தலைகீழ் வகுப்பறையில் இவ்வொழுங்கு இடம் மாறுகின்றது. விளக்கத்தை மாணவர் முன்கூட்டியே வீட்டில் கேட்டோ வாசித்தோ வருவர். வகுப்பு நேரம் முழுவதும் கணக்குச் செய்வதற்கும் கேள்வி கேட்பதற்கும் செலவிடப்படும். தடுமாறும் அந்த நிமிடத்தில் ஆசிரியர் பக்கத்தில் நிற்பார். இதுவே இம்முறையின் சாரம்.

இதன் வரலாறு நீண்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர், தம் மாணவர் சூத்திரங்களைப் பிழையின்றிப் பயன்படுத்திய போதும் அடிப்படை எண்ணக்கரு பற்றிய எளிய வினாக்களில் தவறியதைக் கண்டார். 1991 முதல் அவர் மாணவரை முன்கூட்டியே வாசித்துவரச் செய்து, வகுப்பில் ஒருவரோடொருவர் விவாதிக்க வைத்தார். 2007 இல் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள வுட்லண்ட் பார்க் என்ற சிற்றூரில் ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு இரசாயனவியல் ஆசிரியர்கள் தம் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினர். தூரப் பயணம், விளையாட்டுப் போட்டி முதலிய காரணங்களால் பல மாணவர் வகுப்புகளைத் தவறவிட்டமையே இதற்குக் காரணம். வராதவருக்காகச் செய்யப்பட்ட பதிவு வந்தவருக்கும் பயன்படுவதைக் கண்ட பின்னரே அவர்கள் வகுப்பைத் தலைகீழாக மாற்றினர்.

வகுப்பைத் தவறவிடுதல் என்பது நமக்கு நன்கு தெரிந்த விடயம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் வீதிகளைத் துண்டிக்கின்றது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தினால் உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் இடைநிறுத்தப்பட்டது. 2020 இல் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் நீண்ட காலம் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருள் நெருக்கடி ஆசிரியரையும் மாணவரையும் வீட்டில் முடக்கியது. பாடம் ஆசிரியரின் குரலில் மட்டும் இருக்குமாயின், குரல் வராத நாளில் பாடமும் இல்லை.

உயிரியல் மாணவருக்கான கணிதம் என்ற துறையிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2003 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிச் சபை, உயிரியல் கல்வியில் கணிதத்துக்கு உரிய இடம் வழங்கப்பட வேண்டும் என வலியுறுத்தும் அறிக்கையொன்றை வெளியிட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் உயிரியல் மாணவருக்கெனத் தனியான கணிதப் பாடநெறியொன்றை உருவாக்கியது. இது வழமையான நுண்கணித வரிசையைப் பின்பற்றாது, சுறாவும் அதன் இரையும் பற்றிய மாதிரியுருவிலிருந்து பாடத்தைத் தொடங்குகின்றது. வொல்ற்றெரா 1926 இல் கண்டது இன்று முதலாவது பாடமாகியுள்ளது.

ஆய்வுகள் கூறுவது யாது?

ஒரு முறை வெளிநாட்டில் புகழ்பெற்றது என்பதற்காக அதை அப்படியே ஏற்பது அறிவுடைமையாகாது. இரண்டு ஆய்வுகளை ஒருங்கே நோக்குவது நன்று.

2014 இல் ஃபிறீமன் என்பவரும் அவரது குழுவினரும் விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நடத்தப்பட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விரிவுரை மட்டுமே நிகழ்ந்த வகுப்புகளில் சித்தியடையாதோர் சராசரியாக 100 க்கு 34 பேர்; மாணவர் செயற்பட்டுக் கற்ற வகுப்புகளில் 100 க்கு 22 பேர். வகுப்பு நேரத்தில் மாணவரின் கை வேலை செய்ய வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

மற்றைய ஆய்வு எச்சரிக்கை செய்வது. வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்ட வகுப்புகளில் தலைகீழ் முறை பரிசோதிக்கப்பட்டது. 2021 இல் வெளியான முடிவின்படி, கணிதத்தில் குறுகிய காலப் பயன் கிடைத்தது, பொருளியலில் கிடைக்கவில்லை. அந்தப் பயனும் ஏற்கனவே திறமையாகக் கற்றவர்களையும் வெள்ளையின மாணவரையும் ஆண் மாணவரையுமே பெரிதும் சென்றடைந்தது. பின்தங்கியோருக்கும் முன்னணியில் உள்ளோருக்கும் இடையிலான இடைவெளி அகன்றது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. வீட்டில் கற்று வா எனக் கூறும்போது, கற்பதற்கு வீடு இடந்தர வேண்டும். தனி அறையும் கைத்தொலைபேசியும் இணைய வசதியும் உள்ள பிள்ளை கற்று வரும். ஒரே ஒரு தொலைபேசியைத் தந்தை வள்ளத்துக்கோ வயலுக்கோ எடுத்துச் சென்றுவிட்ட வீட்டுப் பிள்ளை வெறுங்கையுடன் வரும். இதைக் கவனியாது தலைகீழ் வகுப்பறையைப் புகுத்தினால் வகுப்பறை தலைகீழாவதற்குப் பதிலாக நீதியே தலைகீழாகும்.

கல்குடாவுக்கு ஏற்ற வடிவம்

எனவே நம் பிரதேசத்துக்கு இம்முறை பொருந்துமா என்ற வினாவுக்கு விடை: பொருந்தும், ஆனால் காணொளியை மையமாகக் கொண்டால் பொருந்தாது. மையமாக அமைய வேண்டியது ஒரு தாள்.

பாடத்தின் முன் விளக்கத்தை ஒரே தாளின் இரு பக்கங்களில் எளிய தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். ஒரு எண்ணக்கரு, செய்து காட்டிய இரண்டு கணக்குகள், மாணவர் முயன்று பார்க்க மூன்று வினாக்கள், இவ்வளவே போதும். மின்வெட்டு அத்தாளை அணைப்பதில்லை. தரவுக் கட்டணம் அதற்கு இல்லை. வசதியுள்ளோருக்காக அதே விளக்கத்தைப் பத்து நிமிடக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ தரலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் தமிழ்மொழி மூலப் பாடங்கள் உள்ளன. பாடசாலைக் கணினி அறையில் ஒரு முறை பதிவிறக்கம் செய்து நினைவட்டையில் ஏற்றிக் கொடுத்தால் இணையம் இல்லாத வீட்டிலும் பார்க்கலாம். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்காகக் காலையில் பாடசாலை தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் நூலகத்தைத் திறந்து வைப்பது அதிபருக்குப் பெரும் சுமையாகாது.

இம்முறையில் மற்றுமொரு நன்மையும் உண்டு. மாலை நேரத் தனியார் வகுப்புகளுக்குத் தூர ஊர்களுக்குச் செல்ல எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை. கட்டணம் செலுத்த எல்லாப் பெற்றோருக்கும் இயலுவதுமில்லை. பாடசாலை நேரத்திலேயே கணக்குப் பயிற்சி நிகழுமாயின், இரு சமூகங்களிலும் மிகுதியாகப் பயன்பெறுவோர் இப்பிள்ளைகளே.

நேரம் எங்கிருந்து வரும் என்ற வினா எழலாம். சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேறு வெளிவருவதற்கும் இடையில் சில மாதங்கள் உள்ளன. உயர்தர உயிரியல் வகுப்பு தொடங்கும் முதலாவது தவணையும் உள்ளது. இவற்றில் கிழமைக்கு இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினால், பன்னிரண்டு கிழமைகளில் உயிரியல் மாணவருக்குத் தேவையான கணித அடிப்படையை அமைத்துவிடலாம். விகிதமும் சதவீதமும், மடக்கை, வரைபும் படித்திறனும், அடுக்குக்குறி வளர்ச்சி, நிகழ்தகவு, சராசரியும் நியம விலகலும் ஆகிய ஆறு அலகுகளே அவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிழமைகள்.

ஒரு வகுப்பு எவ்வாறு நடக்கும்?

அடுக்குக்குறி வளர்ச்சி என்ற அலகை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாணவர் கையில் தாள் கிடைக்கின்றது. சாதகமான நிலையில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும் பக்றீரியா, ஒரு மணி நேரத்தில் எத்தனையாகும் என்பது அதில் உள்ள முதலாவது வினா. விடை எட்டு. வார இறுதியில் மாணவர் இதைச் செய்து வருகின்றனர்.

திங்கட்கிழமை இரட்டைப் பாடவேளை. முதல் பத்து நிமிடத்தில் ஆசிரியர் மூன்று சிறு வினாக்களைக் கேட்டு, எவர் எங்கே தடுமாறுகின்றார் என அறிந்துகொள்கின்றார். தாளை வாசிக்காது வந்தோர் ஒரு மூலையில் அமர்ந்து முதலில் அதை வாசிப்பர்; அவர்களைத் தண்டிக்கத் தேவையில்லை. பின்னர் நால்வர் கொண்ட குழுக்களுக்கு வினா வழங்கப்படுகின்றது: காலை எட்டு மணிக்கு வாழைச்சேனைத் துறைமுகத்தில் இறக்கிய மீனில் ஒரேயொரு பக்றீரியா உள்ளது எனக் கொள்வோம். பனிக்கட்டி இடப்படவில்லை. மாலை ஆறு மணிக்கு எத்தனை? பத்து மணி நேரத்தில் முப்பது பிரிவுகள். இரண்டை முப்பது முறை பெருக்கினால் 107 கோடிக்கு மேல். பனிக்கட்டி இட்டதால் பிரிவதற்கு இருபது நிமிடத்துக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் தேவைப்படுகின்றது எனக் கொண்டால்? ஐந்து பிரிவுகள், வெறும் 32. ஒரு பக்கம் 107 கோடி, மறுபக்கம் 32. மாணவர் இவ்விரு எண்களையும் தம் கையால் கண்டடைந்த பின்னர், அடுக்குக்குறிச் சார்பு என்ற சொல் அவர்களை அச்சுறுத்தாது. வரைபுத்தாளில் இதை வரைய முடியாமல் போகும்போது மடக்கையின் தேவை தானாகவே எழும். இறுதி இருபது நிமிடத்தில், உண்மையில் இவ்வளர்ச்சி ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது என்ற வினாவை ஆசிரியர் எழுப்புவார். உணவு தீர்கின்றது, கழிவு சேர்கின்றது. உயிரியல் இங்கே கணிதத்தைத் திருத்துகின்றது.

வாவியும் ஒரு பாடசாலையே. 60 நண்டுகளைப் பிடித்து அடையாளமிட்டு விடுகின்றோம். சில நாட்களின் பின் பிடித்த 50 நண்டுகளில் 10 அடையாளமுள்ளவை எனின், அப்பகுதியில் உள்ள மொத்த நண்டுகள் ஏறக்குறைய 300 என எளிய விகிதத்தால் மதிப்பிடலாம். வாவி நீரின் பீஎச் பெறுமானம் 8 இலிருந்து 7 ஆகக் குறைந்தால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்காகின்றது என்பதை மடக்கை கூறும். ஒன்று என்ற வித்தியாசத்துக்குள் பத்து மடங்கு ஒளிந்திருக்கின்றது என்பதை உணர்ந்த மாணவர், நீர் மாசடைதல் பற்றிய செய்தியை முன்னர் வாசித்தது போல் வாசிக்க மாட்டார்.

இரு வலயங்கள், ஒரு மொழி

வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் அடுத்தடுத்த ஊர்கள். ஆயினும் கல்வி நிர்வாகத்தில் முன்னையது கல்குடா வலயத்தையும் பின்னையது மட்டக்களப்பு மத்தி வலயத்தையும் சார்ந்தன. இரு வலயங்களிலும் பாடத்திட்டம் ஒன்று; வினாத்தாள் ஒன்று; பயிற்று மொழி ஒன்று. தகுதிவாய்ந்த விஞ்ஞான, கணித ஆசிரியருக்கான தட்டுப்பாடும் பொதுவானது. முஸ்லிம் பாடசாலைகள் றமழான் மாதத்தில் விடுமுறை வழங்குவதால் தவணைக் காலங்கள் மட்டும் வேறுபடுகின்றன.

இந்நிலையில் ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே தாள்களைத் தயாரிப்பது வீண் உழைப்பாகும். இரு வலயங்களின் ஆசிரிய ஆலோசகர்களும் கணித, உயிரியல் ஆசிரியர்களும் ஒன்றுகூடி, மேற்கூறிய ஆறு அலகுகளுக்கும் பன்னிரண்டு தாள்களைத் தயாரித்தால், அவை வாகரை முதல் ஏறாவூர் வரை பயன்படும். நாட்காட்டி வேறுபட்டாலும் தாள் காத்திருக்கும். வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் மாணவர்களும் இப்பணியில் துணை நிற்கலாம். தாம் முதலாம் ஆண்டில் எந்த இடத்தில் தடுமாறினோம் என்பதை அம்மாணவரை விடத் தெளிவாகக் கூறக்கூடியவர் எவருமில்லை. தாளின் ஓரத்தில் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் தந்துவிட்டால், பல்கலைக்கழகத்தில் எதிர்கொள்ளும் மொழிச் சுமையும் ஓரளவு குறையும்.

துறைகளை வேலியிட்டுப் பிரிப்பது நம் மண்ணின் மரபுமன்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர். 1947 இல் வெளிவந்த அவரது யாழ் நூல் தமிழிசையைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தது. அட்சரகணிதத்துக்குப் பெயர் தந்த நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுதிய அல்-குவாரிஸ்மி, மக்கள் தமக்குள் வாரிசுரிமைச் சொத்தைப் பங்கிடும் கணக்குகளையும் அந்நூலிலேயே சேர்த்தார். கணிதம் வாழ்க்கைக்கு உதவ வேண்டும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை

இம்முறை ஆசிரியரின் வேலையைக் குறைப்பதில்லை என்பதையும் கூறியாக வேண்டும். முதலாவது ஆண்டில் வேலை கூடும். தாள் தயாரிக்க வேண்டும். வகுப்பில் ஓய்வாக நின்று விளக்க முடியாது. எதிர்பாராத வினாக்கள் வரும். வகுப்பறையில் இரைச்சல் கேட்கும். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு எனக் கருதும் அதிபருக்கும் அதிகாரிகளுக்கும் இது உவப்பாயிராது. பாடத்திட்டத்தை முடிக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் எழலாம். ஆகவே இதை அனைத்துப் பாடசாலைகளிலும் ஒரே நாளில் ஆரம்பிக்காது, இரு வலயங்களிலும் ஓரிரு பாடசாலைகளில், ஓர் அலகில் மட்டும் முயன்று பார்ப்பது நன்று. தொடக்கத்திலும் முடிவிலும் அதே பரீட்சையை நடத்தி, பயனைப் புள்ளிகளால் அளக்க வேண்டும். சராசரி உயர்ந்ததா என்று மட்டும் பார்க்கக்கூடாது. கடைசி வரிசையில் இருந்தவரின் புள்ளி உயர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். வெஸ்ட் பொயின்ற் ஆய்வு நமக்குக் கற்பித்த பாடம் அதுவே. அந்தக் கணிப்பையும் மாணவரே செய்யலாம். நியம விலகலைக் கற்க அதைவிடச் சிறந்த தரவு கிடைக்காது.

'கணிதம் எனக்கு வராது' என்று தயங்கிக் கூறும் பிள்ளை, உண்மையில் தனக்குக் கணிதம் வரவில்லை என்று கூறவில்லை. தான் தடுமாறிய வேளையில் அருகில் எவரும் இருக்கவில்லை என்றே கூறுகின்றது. விளக்கத்தை ஒரு தாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியரை அந்தத் தடுமாற்றத்தின் அருகில் நிறுத்துவதே தலைகீழ் வகுப்பறை. அதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை; பன்னிரண்டு தாள்களும் இரு வலயங்களின் ஒத்துழைப்பும் போதும். அடுத்த உயர்தர வகுப்பு தொடங்கும் முன்னர் நம் கல்வி அதிகாரிகளும் ஆசிரியர்களும் இதைப் பரிசீலிப்பார்களாயின், இப்பிரதேசத்தின் பிள்ளைகள் தம் இசட் புள்ளியைக் கையில் பெறும் நாளில் அதன் பொருளையும் அறிந்தவர்களாக இருப்பர்.